கார் ஃபுல்லா வால் வச்ச பூச்சி, இது ஈசலா வேற ஏதாவதா?

டொலீடோ_செந்தில் | ஜூன் 19, காலை 7:12

மக்களே ஒரு ஹெல்ப். ஒஹாயோல டொலீடோ பக்கம் குடி வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, லேக் ஈரிக்கு ரொம்ப கிட்ட வீடு. நேத்து நைட் பத்தரை மணிக்கு கேஸ் போட பங்க்ல நிறுத்தினேன், லைட்டுக்கு கீழ தரையே தெரியல, மொத்தமும் பூச்சி. ஒவ்வொண்ணும் ரெண்டு விரல்கணு நீளம், மஞ்சளா பழுப்பா, ரெக்கைய பாய்மரம் மாதிரி நேரா தூக்கி வச்சிட்டு பின்னாடி ரெண்டு நீள வால். நடந்தா காலுக்கடில மொறுக் மொறுக்குன்னு அப்பளம் மிதிச்ச மாதிரி சத்தம். கண்ணாடில ஒட்டினது வைப்பர் போட்டா பசையா இழுக்குது. பக்கத்துல நின்ன பெரியவர் சிரிச்சுக்கிட்டே மேஃபிளைன்னாரு. நம்மூர் ஈசல் தானா இது? கடிக்குமா? ஏழு வயசு பொண்ணு ஒண்ண உள்ளங்கைல வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வரமாட்டேங்கிறா.

குழம்பு_ரசிகை | ஜூன் 19, காலை 7:40

ஈசல்னா வறுத்து பொரியும் கடலையும் போட்டு சாப்பிடலாம், எங்க ஆச்சி செஞ்சு தந்திருக்கா. முதல்ல நீங்க சாப்ட்டுட்டு எப்டி இருக்குன்னு சொல்லுங்க.

பூச்சி_வாத்தியார் | ஜூன் 19, காலை 9:05

சாப்பிடாதீங்க செந்தில், அது ஈசல் இல்ல.

ஈசல் கரையானோட கூட்டத்துல ரெக்கை முளைச்சு வெளிய வர்றது, மண்ணுல பிறந்து மண்ணுக்கே போயிடும். நீங்க பார்த்தது தண்ணிலேர்ந்து வந்தது. ரெண்டுக்கும் ஒத்துமைன்னா ஒரே ராத்திரில கூட்டமா கிளம்பும், லைட்டுக்கு வரும், காலைல பெருக்கித் தள்ளணும், அவ்ளோதான். ஈசல் ரெக்கைய முதுகு மேல மடக்கி வச்சுக்கும், மேஃபிளையால அது முடியவே முடியாது. ரெக்கைய மடக்கற கீலே அதுக்கு கிடையாது, தும்பிக்கும் அப்படித்தான். ரெண்டும் ரெக்கை முளைச்ச பூச்சிகள்லயே ரொம்பப் பழைய கிளை, டைனோசருக்கெல்லாம் முன்னாடி. கடிக்குமான்னு கேட்டீங்க. கடிக்க வாயே இல்ல! வளர்ந்த மேஃபிளைக்கு வாய் இருந்த இடத்துல உதவாத துணுக்கு மட்டும்தான், வயித்துக்குள்ள சாப்பாட்டுக்கு பதிலா காத்து. பொண்ணு கைல வச்சுக்கட்டும், ஒண்ணும் ஆகாது.

ஒருநாள் பூச்சின்னு சொல்றாங்களே, அதுல எனக்கு எப்பவும் ஒரு கோவம் உண்டு. உங்க பங்க்ல கிடந்தது ஹெக்ஸஜீனியா, ஊர்ல ஹெக்ஸ்ம்பாங்க. அது ஈரி அடில சேத்துக்குள்ள ஆங்கில யூ எழுத்து மாதிரி வளைஞ்ச ஒரு வளை தோண்டிக்கிட்டு ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும் வாழ்ந்திருக்கு. அந்தப் பருவத்துக்கு நிம்ஃப்னு பேர். வயித்தோட ரெண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள், அதை ஆட்டி ஆட்டி வளைக்குள்ள தண்ணிய ஓடவிட்டு மூச்சு விடும், சேத்துல இருக்கற மக்கலைத் தின்னும், வளர வளர சட்டை உரிச்சுக்கிட்டே போகும். அப்புறம் ஒரு ஜூன் மாச சாயங்காலம் மேல நீந்தி வந்து, தண்ணி மேலயே முதுகு வெடிச்சு, ரெக்கையோட பறந்து மரத்துலயோ உங்க கார் கண்ணாடிலயோ உக்காரும். நாம கடைசி ஒண்ணு ரெண்டு நாளைப் பார்த்துட்டு அதுக்கு ஆயுசே அவ்ளோதான்னு பேர் வச்சுட்டோம். கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஒருத்தர பார்த்துட்டு இவருக்கு வயசு ஒரு நாள்னு சொல்ற மாதிரி.

இதுல ஒரு விசேஷம் வேற. ரெக்கை வந்த பிறகும் மறுபடி ஒரு தடவை தோல் உரிக்கிற பூச்சி இன்னைக்கு உலகத்துலயே இது ஒண்ணுதான். முதல்ல வர்றது மங்கலா புகை பிடிச்ச ரெக்கையோட இருக்கும், தூண்டில்காரங்க அதுக்கு டன்ம்பாங்க. ஒரு நாள் போல எங்கயாவது ஒட்டிக்கிட்டு கிடந்துட்டு ரெக்கையோட சேத்து முழுத் தோலையும் கழட்டிப் போட்டா உள்ளேர்ந்து கண்ணாடி ரெக்கையோட ஒண்ணு வரும், அது ஸ்பின்னர். அதுதான் ஜோடி சேரும், முட்டை போடும், சாகும்.

சந்தேகம்_சங்கர் | ஜூன் 19, காலை 9:31

ரெக்கையோட சேத்து தோல் உரிக்குமா? அந்த மெல்லிசு ரெக்கைலேர்ந்து இன்னொரு ரெக்கை வெளிய வருமா? புக்ல போட்டிருக்குன்னு சொல்லாதீங்க வாத்தியாரே, நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?

பூச்சி_வாத்தியார் | ஜூன் 19, காலை 9:44

உரிச்ச தோலை நிறையப் பார்த்திருக்கேன். உரிக்கிறப்போ பார்த்தது இல்ல. ஒத்துக்கிறேன்.

சந்தேகம்_சங்கர் | ஜூன் 19, காலை 9:46

ம்ம்ம்.

டொலீடோ_செந்தில் | ஜூன் 19, மதியம் 12:20

வாத்தியாரே நன்றி, பொண்ணுகிட்ட வாய் இல்லன்னு சொன்னேன், "அப்போ அது எப்டிப்பா அழும்"ன்னு கேக்குறா. ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு இது வர்றது நல்ல சகுனமாம், ஏரி நல்லாருக்குன்னு அர்த்தமாம். ரோடெல்லாம் வழுக்குது, வெயில் ஏறினதும் கருவாட்டுச் சந்தை நாத்தம், இது என்ன நல்ல சகுனம்?

பூச்சி_வாத்தியார் | ஜூன் 19, மதியம் 1:15

ஆபீஸ்காரர் சொன்னது சரிதான். ஈரியோட மேற்குப் பக்கம் ஆழம் கம்மி. சாக்கடை, சோப்புத்தூள், வயல் உரம்னு பாஸ்பரஸ் கொட்டக் கொட்ட பாசி பெருகி, அது செத்து அடில மக்கும்போது ஆக்ஸிஜன் முழுக்க தின்னுடுச்சு. 1953 கோடையில காத்து அடிக்காம தண்ணி அசையாம நின்ன சில வாரத்துல அடில இருந்த நிம்ஃப் கொத்துக்கொத்தா செத்துப்போச்சு. ஓட முடியாது பாருங்க, வீடு சேத்துக்குள்ள. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 40 வருஷம் ஹெக்ஸ் கூட்டம்னு ஒண்ணு அங்க கிடையாது. 1972ல அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு பாஸ்பரஸைக் குறைக்க ஆரம்பிச்சு, 1990கள் ஆரம்பத்துலதான் பூச்சி திரும்பி வந்துச்சு. மறுபடி வந்தப்போ வானிலை ரேடார்ல மழை மேகம் மாதிரி தெரிஞ்சுது, இப்பவும் தெரியும். கரையோர ஊர்கள்ல சீசன்ல தெருவிளக்க அணைச்சு வைக்கிறது அதுக்காகத்தான். ஆனா 2020ல ரேடார் பதிவுகளை வச்சு பண்ணின ஒரு ஆய்வுல, சில வருஷத்துக்குள்ளயே எண்ணிக்கை பாதிக்கு மேல விழுந்திருக்குன்னு வந்துச்சு. அதனால நாத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

ஆத்தோரம்_மணி | ஜூன் 19, இரவு 9:50

வாத்தியார் பூச்சியச் சொல்லிட்டாருங்க, நான் மீனைச் சொல்றேன். பவானி ஆத்துல மண்புழு கோத்து கெளுத்தி பிடிச்சு வளர்ந்தவன், இப்ப வடக்கு மிச்சிகன்ல இருக்கறேன், பதினொரு வருசமா ஃப்ளை ஃபிஷிங் கிறுக்கு. செந்தில், நீங்க பார்த்த அதே ஹெக்ஸ் எங்க பக்கம் ஆசாபிள் ஆத்துல ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் ராத்திரில எழும்புமுங்க. அந்த ரெண்டு வாரத்துக்காக லீவு சேத்து வைக்கிறவங்க எத்தனையோ பேர். பகலெல்லாம் கட்டைக்கு அடில படுத்துக்கிட்டு எட்டிக்கூடப் பார்க்காத பெரிய பிரவுன் ட்ரவுட் மீன், கை நீளம் இருக்கும், அந்த ராத்திரில மட்டும் நடு ஆத்துக்கு வந்து வாயைத் திறந்து பூச்சிய உறிஞ்சும்.

ஃப்ளை ஃபிஷிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: நம்ம தூண்டில்ல ஈயக்குண்டோட எடைதான் நரம்பை இழுத்துக்கிட்டுப் போகும். இங்க இரை எடையே இல்லாத இறகு. அதனால எடைய கயித்துலயே வச்சிருக்காங்க, தடியான கயித்தை சாட்டை மாதிரி முன்னயும் பின்னயும் வீசி, அது விரியற வேகத்துல நுனில இருக்கற இறகுக் கொக்கி (அதுக்குத்தான் ஃப்ளைன்னு பேர்) பூ மாதிரி போய் உக்காரணும். நான் முதல் மூணு மாசம் பிடிச்சது என் சட்டைக் காலரையும் பின்னாடி இருந்த சீடர் மரத்தையும்தானுங்க.

அந்தக் கொக்கில கட்டறது பெரும்பாலும் மேஃபிளையோட உருவம்தான். ஆனா எந்த மேஃபிளை, அதுல எந்தப் பருவம்ங்கறதுல கோட்டை விட்டா மீன் மூஞ்சிக்கு முன்னாடி போட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. நிம்ஃபா அடில உருண்டு போறப்ப ஒரு மாதிரி, மேல வந்து தோல் வெடிக்காம பாதில மாட்டிக்கிட்டு தவிக்கிறப்ப ஒரு மாதிரி, டன்னா ரெக்கைய தூக்கிக்கிட்டு மிதக்கிறப்ப ஒண்ணு, கடைசில முட்டை போட்டுட்டு ரெக்கைய சிலுவை மாதிரி விரிச்சு செத்துக் கிடக்கிறப்ப ஒண்ணு. ஒரு பூச்சிக்கு நாலு வேஷம். மீன் ஒரு நேரத்துல ஒரு வேஷத்தை மட்டும்தான் தின்னும், அப்படி ஒரு பிடிவாதம் பிடிக்கும். எது கம்மி உழைப்புல அதிகமா கிடைக்குதோ அதுல நின்னுக்கும், நாம பந்தில மைசூர்பா வர்ற வரிசையப் பார்த்து உக்கார்ற மாதிரி.

குழம்பு_ரசிகை | ஜூன் 19, இரவு 10:14

எல்லாம் சரி அண்ணாச்சி, அந்தக் கை நீள மீனை என்ன செய்வீங்க? புளி போட்டா தேங்கா அரைச்சா?

ஆத்தோரம்_மணி | ஜூன் 19, இரவு 10:22

திருப்பி விட்டுருவேனுங்க. கிரேலிங் ஊருக்குக் கீழ ஒரு எட்டு மைலுக்கு ஹோலி வாட்டர்னே பேர், ஃப்ளை மட்டும்தான் போடலாம், பிடிச்ச ட்ரவுட் எதையும் எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது.

குழம்பு_ரசிகை | ஜூன் 19, இரவு 10:25

பிடிச்சுட்டு விடுறதுக்கு எதுக்குவே ராத்திரி பூரா கொசுக்கடில நிக்கணும்???? நான் தூத்துக்குடிக்காரி, எங்க அப்பா இதைக் கேட்டா உங்கள வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு.

சந்தேகம்_சங்கர் | ஜூன் 19, இரவு 10:41

இதுல நான் ரசிகை கட்சி. தின்றதுக்குப் பிடிச்சா ஒரு நியாயம் இருக்கு. விளையாட்டுக்கு ஒரு உயிரோட வாயில கொக்கி போட்டு இழுத்து, போட்டோ எடுத்து, போய்ட்டு வான்னு அனுப்பறது எந்தக் கணக்குல சேர்த்தி?

ஆத்தோரம்_மணி | ஜூன் 19, இரவு 11:08

சங்கர், அந்தக் கேள்வி எனக்கும் உண்டுங்க, மழுப்ப மாட்டேன். கொக்கி முள்ளை நசுக்கிட்டுத்தான் போடறேன், மீனைத் தண்ணிக்கு வெளிய எடுக்கறதில்ல, வெயில்ல தண்ணி சூடான நாள்ல போறதே இல்ல. ஆனாலும் மீனுக்கு அது நல்லதுன்னு சொல்ல வர மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். கிரேலிங்னு ஊர்ப்பேர் வந்ததே அந்தப் பேர்ல இருந்த மீனால. மரத்தை வெட்டி ஆத்துல உருட்டிவிட்டு அடிக் கல்லையெல்லாம் பேத்து, வண்டி வண்டியா பிடிச்சு சிகாகோக்கு அனுப்பி, அந்த மீன் 1930கள்ல மிச்சிகன்லயே இல்லாமப் போச்சு. ஊர் இருக்கு, மீன் இல்ல. இப்ப இருக்கற பிரவுன் ட்ரவுட் ஜெர்மனிலேர்ந்து முட்டையா வந்தது, 1884ல மிச்சிகன்ல ஒரு ஆத்துல விட்டாங்க. அப்புறம் 1959ல இதே ஆசாபிள் கரைல தூண்டில்காரங்க கூடி ட்ரவுட் அன்லிமிடெட்னு சங்கம் ஆரம்பிச்சு ஆத்தைக் காப்பாத்த கோர்ட்டு கச்சேரின்னு அலைஞ்சாங்க. மீன் மேல கிறுக்கு இருந்தவன்தான் அலைஞ்சான். நியாயமா இல்லையான்னு நீங்களே வச்சுக்கோங்க.

சந்தேகம்_சங்கர் | ஜூன் 19, இரவு 11:15

பதில் நேர்மையா இருக்கு. ஒத்துக்கல, ஆனா நேர்மையா இருக்கு.

வன்னிப்_பெடியன் | ஜூன் 20, காலை 5:02

வணக்கம் அண்ணையாக்கள். நான் இங்கிலாந்தில ஹாம்ப்ஷயர் பக்கம் இருக்கிறன், வேலைக்குப் போற வழியில டெஸ்ட் ஆறு ஓடுது. இஞ்ச மேஃபிளை எண்டாலே ஒரு இனத்தைத்தான் சொல்லுவினம், எஃபமெரா டனிக்கா. உங்கட ஹெக்ஸுக்கு ரெண்டு வால், இதுக்கு மூண்டு. மே நடுப்பகுதியில தொடங்கி ஜூன் முதல் கிழமை மட்டும் பகல்லயே எழும்பும். அந்த நாளில மீன் எல்லாம் வெறி பிடிச்ச மாதிரித் தின்னும், தூண்டில் பிடிக்கத் தெரியாதவனும் பிடிச்சுப் போடுவான் எண்டு "டஃபர்ஸ் ஃபோர்ட்நைட்" எண்டு பேர் வச்சிருக்கினம், மொக்கனுக்கு வந்த ரெண்டு கிழமை. நானும் ஒரு மொக்கன்தான். மூண்டு வருசமா அந்த ரெண்டு கிழமையிலயும் ஒண்டும் பிடிக்கேல்ல.

இஞ்ச இதிலயும் சாதி மாதிரி ஒரு ஒழுங்கு இருக்கு கண்டியளோ. ஹால்ஃபோர்ட் எண்டொரு ஆள், 1886ல புத்தகம் போட்டவர், மீன் மேல வந்து தின்னுறதைக் கண்ணால கண்டாப் பிறகு, ஆத்தோட்டத்துக்கு எதிர்ப்பக்கமா, மிதக்கிற ஃப்ளைதான் போடவேணும், மற்றதெல்லாம் கனவான் செய்யிற வேலை இல்லை எண்ட மாதிரி ஆக்கிப்போட்டார். பிறகு ஸ்கியூஸ் எண்டொரு வக்கீல், இச்சின் ஆத்தில தூண்டில் போட்டவர், அட மீன் முக்கால்வாசி நேரம் தண்ணிக்குக் கீழ நிம்ஃபைத்தானே தின்னுது, நான் ஏன் மேல போடவேணும் எண்டு கேட்டு 1910ல எழுதினார். அவ்வளவுதான், சண்டை. 1938ல லண்டனில கிளப்பில கூட்டம் வச்சு விவாதிக்கிற அளவுக்குப் போனது. அப்ப ஸ்கியூஸுக்கு வயசு 79. இண்டைக்கும் இஞ்ச சில இடங்களில ஜூலை வரைக்கும் நிம்ஃப் போட விடாயினம்.

நான் பிடிக்கிறதை விட எண்ணுறதுதான் கூட. மாதத்துக்கு ஒருக்கா தொண்டர்களோட ஆத்துக்குள்ள இறங்கி, வலையை வச்சுக்கொண்டு 3 நிமிசம் காலால கல்லைக் கிளறி, வலையில வந்த நிம்ஃபுகளை வெள்ளைத் தட்டில கொட்டி இனம் பிரிச்சு எண்ணுறனாங்கள். எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழ விழுந்தா அரசாங்க ஆக்களுக்கு அறிவிக்கிறது. ஒருக்கா தட்டில ஒண்டுமே இல்லை. அதுக்கு முந்தின மாதம் நூற்றுக்கணக்கில இருந்த இடம். மேல எங்கயோ ஏதோ ஊத்தியிருக்கினம், தண்ணி பார்வைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவு. அண்டைக்கு எனக்கு வந்த ஆத்திரம்...

பூச்சி_வாத்தியார் | ஜூன் 20, காலை 8:30

பெடியன் சொன்னது முக்கியம். தண்ணிய பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்தா அந்த நிமிஷத்துத் தண்ணி எப்படின்னுதான் தெரியும். நிம்ஃப் அங்கயே மாசக்கணக்கா உக்காந்திருக்கு, போன வாரம் நைட் ரெண்டு மணிக்கு எவன் திறந்துவிட்டான்னு அதுக்குத் தெரியும்.

நம்ம ஊர்லயும் மேஃபிளை நிறைய உண்டுங்கிறத சொல்லிடறேன், வெளிநாட்டுப் பூச்சின்னு நினைச்சுடாதீங்க. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைல எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடில ஒட்டிக்கிட்டு ஓடும், தட்டையா, மூணு வாலோட. கே.ஜி. சிவராமகிருஷ்ணன் போல தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் பல வருஷம் உக்காந்து இனம் இனமா பிரிச்சிருக்காங்க. குற்றாலத்தோட பேரையே தாங்கின ஒரு மேஃபிளை இருக்கு, பீட்டர்சுலா கோர்டாலென்சிஸ். குற்றாலத்துல எண்ணெய் தேச்சு குளிச்சவங்க எத்தனை பேருக்கு காலடில அது இருந்தது தெரியும்?

அவலாஞ்சி | ஜூன் 20, காலை 11:47

ஊட்டிக்காரன் ஆஜர். ட்ரவுட்னு பேச்சு வந்தா நாங்க சும்மா இருக்க முடியாது. வெள்ளைக்காரன் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர 1860கள்லயே முட்டி மோதினான், முட்டை கப்பல்லயே செத்துச்சு. அப்புறம் எச்.சி. வில்சன்ங்கிறவர் வந்து 1907ல அவலாஞ்சில குஞ்சு பொரிப்பகம் கட்டினப்புறம்தான் பிடிச்சு நின்னுச்சு, ரெயின்போ ட்ரவுட். பொரிப்பகம் இப்பவும் இருக்கு. எங்க தாத்தா துரைங்களுக்கு கூடை தூக்கிட்டுப் போனவர், அவங்க இறகைத் தண்ணில போட்டு மீன் பிடிக்கறதப் பார்த்து மந்திரம்னு நினைச்சாராம்.

இறகுன்னதும் இன்னொண்ணு. நம்ம காட்டுக்கோழி சேவல் இருக்கே, சாம்பல் நிறம், கழுத்துல மஞ்சள் மெழுகுச் சொட்டு வச்ச மாதிரி இறகு. ஸ்காட்லாந்துல சால்மன் மீனுக்குக் கட்டற ஃப்ளைக்கு கண்ணு வைக்க அந்த இறகுதான் வேணும்னு ஒரு காலத்துல இங்கேர்ந்து கழுத்தோட உரிச்சு அனுப்பினாங்க. இப்போ பிடிச்சாலே கேஸு. அங்க விக்கிறதெல்லாம் அங்கயே கூண்டுல வளர்த்ததுன்னு சொல்றாங்க. எங்கயோ இருக்கற மீனை ஏமாத்த நம்ம முதுமலைக் கோழி!

ஆத்தோரம்_மணி | ஜூன் 20, இரவு 9:15

ஊட்டிக்காரரே, என் பெட்டிலயும் ஒரு ஜங்கிள் காக் கழுத்து இருக்குங்க, பில்லோட வாங்கினது. எடுக்கிறப்பல்லாம் சத்தியமங்கலம் காடு ஞாபகம் வரும். ட்ரவுட் ஃப்ளைக்கு அது தேவையில்ல, வளர்ப்புச் சேவல் கழுத்து இறகு போதும். எங்க ஊர்ப் பெருமைன்னா ஆடம்ஸ்னு ஒரு ஃப்ளை, 1922ல மிச்சிகன்ல லென் ஹாலடே கட்டினது. சாம்பலும் பழுப்புமா ரெண்டு சேவல் இறகைச் சேத்துச் சுத்தினது. எந்த மேஃபிளையோட சாயலும் முழுசா இல்ல, எல்லாத்தோட சாயலும் கொஞ்சம் இருக்கு. என்ன பூச்சின்னு தெரியலன்னா ஆடம்ஸைப் போடுன்னு இங்க பச்சைப் புள்ளைகூட சொல்லும்.

செந்தில், ஜூன் 28 சனிக்கெழமை வர்றீங்களா? உங்க வீட்லேர்ந்து நாலு மணி நேரம். லைசன்ஸ் ஆன்லைன்ல எடுத்துருங்க, வேடர், அதான் தண்ணிக்குள்ள இறங்கப் போடற நனையாத உடுப்பு, என்கிட்ட ஒண்ணு கூட இருக்கு.

டொலீடோ_செந்தில் | ஜூன் 20, இரவு 10:03

வர்றேங்க!! வைஃப் பர்மிஷன் கிடைச்சாச்சு, ஆனா ஒரு கண்டிஷன், பொண்ணையும் கூட்டிட்டுப் போகணுமாம்.

டொலீடோ_செந்தில் | ஜூன் 30, காலை 6:48

மக்களே ரிப்போர்ட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சனிக்கிழமை மணி அண்ணா வீட்டுக்கு மதியம் போய்ட்டோம், அக்கா போட்ட பருப்பு சாதத்தை சாப்ட்டுட்டு பொண்ணு அங்கேயே தங்கிட்டா. நாங்க ஏழு மணிக்கு ஆத்துக்கு. ஹெக்ஸுக்கு சேறு வேணும், கல்லு பாவின இடத்துல வராதுன்னு ஆசாபிள்ல ஒரு வளைவா பார்த்து நிறுத்தினாரு, வெளிச்சம் இருக்கும்போதே எங்க பள்ளம் எங்க கட்டைன்னு காலால தடவி மனப்பாடம் பண்ணிக்கச் சொன்னாரு. அங்க ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் விழுது. அதுக்கப்புறம் கரைல உக்காந்து சும்மா இருக்கோம். வந்து ஒரு கார், ரெண்டு கார், வளைவுக்கு வளைவு ஆள், யாரும் பேசல, சிகரெட் நுனி மட்டும் தெரியுது. கோயில்ல நடை திறக்கக் காத்திருக்கற மாதிரி இருந்துச்சு.

பத்தரைக்கு தலைக்கு மேல சலசலன்னு ஒரு சத்தம். மழைன்னு நினைச்சேன். ரெக்கை! ஆத்து மேலயே ஒரு ரோடு போட்ட மாதிரி, ஓட்டத்துக்கு எதிரா மேல் நோக்கிப் பறக்குது, என் காதுல கழுத்துலல்லாம் உக்காருது. அப்புறம் இருட்டுக்குள்ள "களக்"னு ஒரு சத்தம், தண்ணித் தொட்டில செங்கல்லைப் போட்ட மாதிரி. மணி அண்ணா என் தோளைப் பிடிச்சு காதுகிட்ட, "கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க"ன்னாரு.

நான் ரெக்கைய தூக்கி வச்ச டன் ஃப்ளை கட்டியிருந்தேன், வழியில ஒரு கடைல இதுதான் இப்ப ஓடுதுன்னு ஆறு டாலருக்கு தலைல கட்டினது. சத்தம் வந்த இடத்துக்கு மேல போட்டேன், போட்டேன், ஒரு மணி நேரம் போட்டேன். களக் களக்குன்னு என் ஃப்ளையச் சுத்தி தின்னுது, என்னுத தொடல. ரெண்டு தடவை மரத்துல மாட்டி, ஒரு தடவை என் தொப்பில. கடைசில அண்ணா செவப்பு லைட்டை தண்ணில அடிச்சுக் காட்டினாரு. அப்பத்தான் புரிஞ்சுது. மிதந்துட்டு வர்றது எல்லாம் ரெக்கைய விரிச்சு படுத்துக் கிடக்கு, ஒண்ணுகூட நிமிர்ந்து உக்காரல. நேத்து முந்தாநாள் வெளிய வந்தது இன்னைக்கு ஸ்பின்னராகி முட்டை போட்டுட்டு விழுது, நான் என்னடான்னா டன்னைக் காட்டிட்டு இருக்கேன். அண்ணா தன் பெட்டிலேர்ந்து மான் முடில ரெக்கைய ரெண்டு பக்கமும் படுக்க வச்சுக் கட்டின ஒண்ணக் குடுத்தாரு. மூணாவது வீச்சுல களக். கம்பைத் தூக்கினேன், ஆறே என்னை இழுக்கற மாதிரி இருந்துச்சு, அண்ணா "விடுங்க விடுங்க கயித்த விடுங்க"ங்கறாரு, நான் பயத்துல இறுக்கிப் பிடிச்சுட்டேன். டப். அவ்ளோதான். ஃப்ளையும் போச்சு மீனும் போச்சு. எவ்ளோ பெருசுன்னு அண்ணாகிட்ட கேட்டேன், "போனதெல்லாம் ரெண்டடிதானுங்க"ன்னாரு.

குழம்பு_ரசிகை | ஜூன் 30, காலை 7:10

நாலு மணி நேரம் கார் ஓட்டி, லைசன்ஸ் எடுத்து, ராத்திரி பூரா நின்னு, மிச்சம் பருப்பு சாதம். நல்லா இருக்குவே உங்க பொழப்பு.

வன்னிப்_பெடியன் | ஜூன் 30, காலை 7:33

செந்தில் அண்ணை, வாங்கோ எங்கட மொக்கன் சங்கத்துக்கு. அது ஏன் எல்லாம் ஆத்துக்கு மேல் நோக்கிப் பறந்தது எண்டு யோசிச்சனீங்களோ? நிம்ஃபா இருக்கேக்க வெள்ளத்தில கொஞ்சம் கொஞ்சமா கீழ அடிச்சுக்கொண்டு போயிடும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பெட்டையள் முட்டை போட மேல பறக்குதுகள் எண்டு சொல்லுவினம்.

ஆத்தோரம்_மணி | ஜூன் 30, காலை 8:20

செந்தில் நல்லாத்தான் வீசினாரு, ரசிகையம்மா. தப்பு என்னுதுங்க, முதல்லயே லைட்டடிச்சுப் பார்த்திருக்கோணும். பதினொரு வருசம் ஆகியும் அவசரத்துல அதை மறந்துபோறேன்.

டொலீடோ_செந்தில் | ஜூலை 1, காலை 7:05

இன்னொரு விஷயம், இது சங்கருக்கு. திரும்பி வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு வாசல் கதவுல ஒரு டன் ஒட்டிட்டு இருந்துச்சு, மங்கின ரெக்கையோட. பொண்ணு ஒரு ஷூ டப்பால பழைய துணி நனைச்சுப் போட்டு அதை உள்ள விட்டு, மேல கொசுவலைத் துண்டு கட்டி தலைமாட்டுல வச்சுக்கிட்டா. தூங்கவே இல்ல. நேத்து ராத்திரி ஒம்பது மணி இருக்கும், "அப்பா அது கிழியுது"ன்னு கத்துறா. ஓடிப் போய்ப் பார்த்தேன். முதுகுல ஒரு கோடு விழுந்து, முதல்ல தோள் வெளிய வருது, தலை வருது, அப்புறம் ரெக்கை, கையுறைலேர்ந்து விரலை உருவற மாதிரி பழைய ரெக்கைக்குள்ளேர்ந்து ஈரமா பளபளன்னு புது ரெக்கை வருது. கடைசியா வாலை இழுத்துச்சு பாருங்க, இழுக்க இழுக்க வந்துட்டே இருக்கு, பழைய வாலைவிட நீளம். சில நிமிஷம்தான். போன்ல எடுத்தேன், கை நடுங்கி ஒண்ணும் தெரியல. பொண்ணு கொசுவலைய எடுத்துவிட்டா, ஜன்னல் வழியா போயிடுச்சு.

சந்தேகம்_சங்கர் | ஜூலை 1, காலை 7:52

சரி. ஒத்துக்கிட்டேன். அந்தத் தோல் இருக்கா?

டொலீடோ_செந்தில் | ஜூலை 1, காலை 7:58

இருக்கு. கால், வால், ரெக்கையோட உறை எல்லாம் அப்படியே இருக்கு, பெருமூச்சு விட்டா பறந்துடும். தீப்பெட்டில பஞ்சு வச்சு எடுத்து வச்சிருக்கா, யாரையும் தொட விட மாட்டேங்கிறா.

சந்தேகம்_சங்கர் | ஜூலை 1, காலை 8:01

வெளிச்சத்துல ஒரு போட்டோ போடச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க.

பூச்சி_வாத்தியார் | ஜூலை 1, காலை 8:40

எனக்கும் ஒண்ணு. முப்பது வருஷமா இதைப் படிக்கிறேன், உங்க பொண்ணு என்னை முந்திட்டா.